பூச்சிப் பெட்டிக்குக் காவல்

சாணார்பட்டி கிராமசேவக் நல்லுசாமி, திண்டுக்கல் விவசாயக் கண்காட்சிக்குச் சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. பூச்சிகளை இனங்காணும் போட்டியில் ஜெயிப்பவருக்குக் கோயமுத்தூரில் பயிற்சி. திரும்பி வந்தால் ஆபீசர். அந்த நாற்காலியில் மனதளவில் அவர் உட்கார்ந்தே விட்டிருந்தார்.

வயிற்றெரிச்சல் பக்கத்து மேஜையில் இருந்தது. செம்பட்டி கிராமசேவக் அப்துல் வாஹித்தின் பெட்டி. இரண்டு பெட்டியிலும் அதே அந்துப்பூச்சிகள்தான். எல்லாம் மூக்குப்பொடியில் புரண்டு எழுந்த நிறம். ஆனால் வாஹித்தின் பூச்சிகள் இப்போதுதான் பறந்து வந்து உட்கார்ந்தவை போல் இருந்தன. நல்லுசாமியுடையவை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவை போல.

"எங்க வீட்ல தாஹிராதாண்ணே பஞ்சு வச்சுப் பக்குவமா அடுக்குனா" என்று வாஹித் வேறு சொல்லித் தொலைத்தார். நல்லுசாமியின் மனைவி சிவனம்மாள், புழு டப்பாவைத் தெருவில் வீசியவள்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேண்ணே. செத்த நேரம் பெட்டியப் பாத்துக்கங்க."

நல்லுசாமி பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே பெயர்ச்சீட்டு. அத்தனையும் தன் பெட்டியில் உள்ளபடியே. ஆகவே அத்தனையும் சரி. அதுதான் பொறுக்கவில்லை. பருத்திக் காய்ப்புழு, புகையிலை மொக்குப்புழு, இந்த இரண்டின் பூச்சிகளுக்கும் இருந்த சீட்டுகளைப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினார்.

தொழுகை முடிந்து வாஹித் திரும்பியதும் கோயமுத்தூர் அதிகாரி வந்தார். வாஹித்தின் பெட்டியில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"சபாஷ்! மொக்குப்புழுவையும் காய்ப்புழுவையும் பிரிச்சுச் சொல்ல எங்க ஆளுங்களே தடுமாறுவாங்க. நீங்க சரியாப் போட்டிருக்கீங்க. பரிசு உங்களுக்குத்தான்!"

வாஹித் பெட்டியை உற்றுப் பார்த்தார். "அய்யா, நான் மாத்தியில்ல குத்தியிருந்தேன்!" சட்டென்று திரும்பி நல்லுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்கதானா? தப்பத் திருத்திட்டு வாயத் தொறக்காம நிக்கிறீகளே! இம்புட்டுப் பெரிய மனசு யாருக்குய்யா வரும்?"

கூட்டம் கைதட்டியது. நல்லுசாமி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஆமாம் என்பது போல் அடக்கமாகத் தலையசைத்தார். கோயமுத்தூர் மறுபடி கண்ணில் தெரிந்தது.

அதிகாரி அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். குனிந்தார்.

"ஏனுங்க, அடுத்தவர் பெட்டியில திருத்தத் தெரிஞ்சவருக்கு, தன் பெட்டியில அதே தப்பு தெரியலீங்களா?"

நல்லுசாமி பூதக்கண்ணாடியைக் கோட்டு நுனியால் துடைக்கத் தொடங்கினார். வாஹித்தின் பிடி மெல்லத் தளர்ந்தது.