சத்தம் புகாத அறை

வன்னியில் நிலத்துக்குக் கீழே அறை என்றால் ஆட்களுக்குப் போர்க்காலப் பங்கர்தான் ஞாபகம் வரும். கிருபனின் வீட்டுக் கீழறை அப்படி வந்ததல்ல. நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகிற கிரவல் வீதியில், குளத்துப் பக்கம் இறங்கும் சரிவில் அவனுடைய காணி. முன்பக்கம் வீதி மட்டம், பின்பக்கம் ஆளுயரப் பள்ளம். வீடு கட்டும்போது பள்ளத்தை நிரப்பச் சொன்னார் மேசன். நிரப்பாமல் விட்டால் அது அறைதானே என்றான் கிருபன். மூன்று பக்கம் மண், ஒரு பக்கம் கொல்லையைப் பார்த்த கதவு. நெல் மூட்டைகளும் தண்ணீர்ப் பம்பும் எலிகளும் அதில் ஒற்றுமையாகக் குடியிருந்தன.

கிருபன் சும்மா இருக்கத் தெரியாதவன். வயல் வேலை ஓய்ந்தால் கையில் ஒரு திருப்புளி ஏறிவிடும். போன மாரிக்கு முந்தி, யாரோ வெளிநாட்டுக்காரன் தன் வீட்டு நிலவறையைத் தியேட்டராக மாற்றுகிற வீடியோவை யூடியூபில் பார்த்தான். அன்றைக்கே எலிகளுக்கு இறுதி அறிவித்தல் போய்விட்டது.

"நெல்லை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள் மனைவி கௌசலா.

"விறாந்தையில வைப்பம். தியேட்டரை விறாந்தையில வைக்கேலுமே?"

அடுத்த நாளே மூட்டைகள் விறாந்தைக்கு ஏறின.

சுவரின் ஈரத்துக்கு மூன்று தரம் பூச்சு அடித்தான். வவுனியாவில் மூடிக்கிடந்த ஒரு டியூசன் டியூட்டரியிலிருந்து பழைய புரொஜெக்டர் வந்தது. கழித்துப்போட்ட தனியார் பஸ் ஒன்றின் சீற்றுகளைக் கழற்றிக்கொண்டு வந்து வரிசையாகப் பூட்டினான். சத்தத்தை அடக்க வீடியோக்காரன் ஏதோ பஞ்சுத் தகடு சொன்னான். அது நெடுங்கேணிக் கடைகளில் கேட்டாலே சிரிப்பார்கள். கிருபனுக்கு உமி போதும் என்று பட்டது. மில்லிலிருந்து உமி கொண்டுவந்து, உரப் பைகளில் இறுக்கி, சுவருக்கும் பலகைக்கும் இடையில் அடுக்கினான். கதவையும் இரட்டைப் பலகையாக்கி நடுவே உமி அடைத்தான்.

அந்தப் பைகளின் வாயைத் தைத்துக் கொடுத்தது வீரம்மா. அடுத்த காணி. கணவர் கணபதி காலமானபிறகு தனியாகத்தான் வயல் செய்கிறார். மகள் வவுனியாவில் தையல் தொழிற்சாலையில் வேலை. பின்னேரங்களில் வந்து உட்கார்ந்து, கோணி ஊசியால் பை பையாகத் தைத்துத் தள்ளினார்.

"இம்புட்டு உமியையும் அடைச்சு என்னத்துக்குங்க தம்பி?"

"வெளிச் சத்தம் ஒண்டும் உள்ள வரக்கூடாது அக்கா. பக்கத்தில இடி விழுந்தாலும் தெரியக்கூடாது."

"அப்ப கூப்பிட்டாலும் கேக்காதா?" என்று கேட்டுவிட்டு வீரம்மா சிரித்தார். கிருபனும் சிரித்தான்.

அந்தக் குடியேற்றத்தில் யானைக் காவலுக்கு ஒரு முறை இருக்கிறது. கதிர் முற்றத் தொடங்கினால், பொழுதுபட்டதும் இரண்டு வீட்டுக்காரர் முறை வைத்துக் காவலுக்குப் போகவேண்டும். யானையைக் கண்டால் கூக்குரல் கொடுப்பார்கள், கையில் யானை வெடி இருந்தால் போடுவார்கள். சத்தம் கேட்ட வீட்டிலிருந்து ஓர் ஆளாவது டோர்ச்சோடு ஓடிவர வேண்டும். யாருடைய வயல் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வருசம் அவனுடைய வயலில் யானை நிற்கும்போது ஊர் ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கேட்பதில்லைதான், ஆனாலும் வயல்கள் ஒன்றுபோல இல்லை. யாழ்ப்பாணப் பக்கமிருந்து முதலில் வந்து குடியேறியவர்களுக்குத் தண்ணீர் முதலில் பாயும் வாய்க்கால் தலைப்பில் காணி. மலையகத்திலிருந்து பிறகு வந்த வீரம்மா போன்றவர்களுக்குக் காட்டோரம். வீரம்மாவின் வயலைத் தாண்டித்தான் யானை கிருபனின் வயலுக்கு வரவேண்டும். இத்தனை வருசமாக அது தாண்டவில்லை என்றால் அதற்கு வீரம்மாவின் தொண்டைதான் காரணம். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தியேட்டர் தை மாதம் முடிந்தது. சனிக்கிழமை பின்னேரம் முதற்படம் என்று கிருபன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் அன்றைய காவல் தன்னுடைய முறை என்று நினைவு வந்தது. கூட்டாளி வீரகத்தியர். கமக்காரர் அமைப்பின் தலைவர், சந்தேகப் பிராணி; "நெல்லு வைக்கிற இடத்தில படம் ஓட்டுறானாம்" என்று சந்தியில் வைத்து நக்கலடித்தவர். அவர் வந்து வாயைப் பிளக்காவிட்டால் கிருபனுக்கு அது தியேட்டரே இல்லை.

ஆகவே வீரம்மாவிடம் போனான். "அக்கா, இண்டைக்கு ஒரு ரெண்டு மணித்தியாலம் எங்கட முறையையும் பாத்துக்கொள்ளுவீங்களே? இப்ப கொஞ்ச நாளா யானை வாறேல்லைத்தானே. உங்களுக்கு வேற நாள் தனியாப் போட்டுக் காட்டுறன்."

"பாத்துக்கிறேங்க தம்பி. நீங்க நல்லபடியா நடத்துங்க" என்றார் வீரம்மா.

பைகளைத் தைத்த மனுசியைத்தான் முதற்படத்துக்குக் கூப்பிடாமல் விட்டோம் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. ப்ளக்கைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஊரே கீழறைக்குள் இறங்கியது. தியேட்டர் என்றால் ஒழுங்கு வேண்டும் என்று எல்லாருடைய போன்களையும் மேலே சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னான். வீரகத்தியருக்குப் பின்வரிசையில், கதவோரம், சாரதியின் சீற். அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கிருபன், மடியில் லப்டொப்பும் கையெட்டும் தூரத்தில் அம்ப்ளிஃபயரும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் உலகம் அறுந்துபோனதுபோல் ஓர் அமைதி வந்தது. யாரோ "அப்பாடா" என்றார்கள். கிருபனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமை உண்மையானது. மூன்று மாத உழைப்பு.

படம் பாதியை நெருங்கியது. கதாநாயகி ஒரு சொல்லும் பேசாமல் கடிதம் வாசிக்கிற கட்டம். அறையில் மூச்சுச் சத்தம் மட்டும். அப்போது கேட்டது. தொம், தொம் என்று, எங்கோ தூரத்தில், மழுங்கலாக.

கிருபனின் கை மடியிலேயே நின்றது. வயல்வெளியில் வளர்ந்தவனுக்கு யானை வெடி தெரியாதா?

வீரகத்தியர் தலையைத் திருப்பினார். "வெடியே?"

அந்த இடத்தில் கிருபன் எழும்பியிருக்க வேண்டும். கதவு கைக்கெட்டும் தூரம். ஊரில் ஓடிவரக்கூடியவர்கள் எல்லாரும் இந்த அறைக்குள்தான் இருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் வீரகத்தியரின் முகத்தில் அந்தப் பழைய நக்கல் மெல்லத் தலைகாட்டியது. சத்தம் புகாதென்றாயே என்று கேட்கப்போகிற முகம்.

"இல்லையண்ணை, படத்துக்குள்ளதான்" என்றான் கிருபன். சொல்லிவிட்டு அம்ப்ளிஃபயரின் குமிழை வலப்பக்கம் திருப்பினான். திரையில் பாட்டுத் தொடங்கியது. பஸ் சீற்றுகள் அதிர்ந்தன. வீரகத்தியர் வாயைப் பிளந்தார்.

இடைவேளைக்குக் கதவைத் திறந்தபோது மேலே போன்கள் அடித்து ஓய்ந்திருந்தன. எல்லாவற்றிலும் வீரம்மாவின் தவறிய அழைப்புகள். காட்டோரத்தில் ஒற்றை டோர்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது.

ஓடினார்கள். யானைகள் போய்விட்டிருந்தன. வெட்டு மெசினுக்குச் சொல்லிவைத்திருந்த வயல், சேறும் கதிரும் குழைந்த ஒரு களமாகக் கிடந்தது. வீரம்மா வரம்பில் குந்தியிருந்தார். அழவில்லை. அவருக்கு இந்த வருசத்துச் சோறு, விதைநெல், மகளுடைய கலியாணப் பேச்சு எல்லாம் அந்தச் சேற்றுக்குள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கட்டிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒருவர்கூடக் கிருபனைக் குறை சொல்லவில்லை. வீரகத்தியர் சந்தியில் வைத்துச் சொன்னார்: "பாவம் பெடியன் என்ன செய்வான்? அந்த அறைக்குள்ள ஒரு சத்தமும் வராது. எனக்கே ஒருக்கா வெடி மாதிரிக் கேட்டது, பாத்தா படத்துக்குள்ள! அப்பிடித் துல்லியம்." அந்தக் கதை நெடுங்கேணி வரைக்கும் போனது. முன்பின் தெரியாதவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, யானை வந்ததே தெரியாத அறை எது என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். உமி அடைத்த விதத்தைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவன் பிடரியில் விழுந்தது.

வீரம்மாவும் அதையே சொன்னார். யாரோ அவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டபோது, "அவங்களுக்கு எப்பிடிங்க கேக்கும்? பூமிக்குள்ளல்ல இருந்தாங்க" என்றாராம். கௌசலா வந்து இதைச் சொன்னபோது கிருபன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டான்.

பிறகு பேய் பிடித்தவன்போல உழைத்தான். விழுந்த கதிரைச் சேற்றிலிருந்து பொறுக்கி, அலசி, வீரம்மாவின் முற்றத்தில் காயப்போட்டான். வரம்பைத் திருத்தினான். ஊர் அதையும் மெச்சியது. "தன்ர வயலைப்போலப் பாக்கிறான்" என்றார்கள். தன்னுடைய வயலை அவன் விற்றுக் கொடுத்திருந்தாலும் அந்த "படத்துக்குள்ளதான்" என்ற சொல் அவன் காதைவிட்டுப் போயிருக்காது. கீழறைக்கு அவன் இறங்கவேயில்லை. பிள்ளைகள் கேட்டால் பல்ப் போய்விட்டது என்றான்.

ஒருநாள் பின்னேரம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த யோசனை நல்லதா கெட்டதா என்று பார்க்கிற நிலையில் அவன் இல்லை. கடையில் பெரிய வெடி ஒன்று வாங்கிவந்து கௌசலாவின் கையில் கொடுத்தான்.

"வீரம்மாக்கான்ர வயல்ல கொண்டுபோய்க் கொளுத்து. நான் உள்ள இருக்கிறன்."

"என்ன விசர் இது?"

"கேள்வி கேக்காத. கொளுத்து."

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு அதே ஸ்டூலில் இருந்தான். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கௌசலா வந்து கதவைத் திறந்து, "ஊரே கிடுகிடுத்துது, கேட்டதே?" என்று கேட்டபோது அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்படியென்றால் அன்றைக்கும் கேட்டிருக்க முடியாது. படத்துக்குள் கேட்டதுதான், தான் பொய் சொல்லவில்லை. அந்தப் படத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தக் கட்டத்தில் அப்படியொரு சத்தம் இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்கும். அதற்கு அவனுக்குத் துணிவு வரவில்லை. கிடைத்த விடுதலையைச் சோதித்துப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

நேரே வீரம்மாவிடம் போனான். அவர் முற்றத்தில் சுளகோடு இருந்தார், சேற்றிலிருந்து மீண்ட நெல்லைப் புடைத்துக்கொண்டு.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு எனக்கு ரெண்டு வெடிச்சத்தம் கேட்டமாதிரி இருந்தது. இவ்வளவு நாளும் அதை நினைச்சு நித்திரை இல்லை. இண்டைக்குத்தான் வெடி போட்டுப் பாத்தனான். உள்ளுக்கு ஒண்டும் கேக்கேல்லை அக்கா. அது படத்துக்குள்ள சத்தம்தான்."

வீரம்மா சுளகை நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு களைப்புத்தான் இருந்தது.

"எங்கிட்ட ஏதுங்க தம்பி வெடி? இருந்தது எல்லாம் முன்னாடியே தீர்ந்துபோச்சு."

கிருபனுக்கு விளங்கவில்லை.

"கூப்பிட்டுப் பாத்தேன், போன் அடிச்சுப் பாத்தேன். ஒருத்தரும் வரல்ல. அப்புறம் ஓடிவந்து உங்க கதவைத்தான் தட்டினேன். ரெண்டு கையாலயும் ரெண்டு தரம்."

உமி அடைத்த கதவில் கை விழுந்தால் தட்டுகிற சத்தமாகக் கேட்காது. எங்கோ தூரத்து வெடியாகத்தான் கேட்கும். கதவு அவனுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர்.

"தட்டினதும் பாட்டுச் சத்தம் கூடிச்சு. கதவே அதிர்ந்துச்சு" என்றார் வீரம்மா. "சரின்னு திரும்பி ஓடிட்டேன்."

கிருபன் முற்றத்து மண்ணில் குந்தினான். கேட்டது இதுதான்: "பிறகேன் அக்கா எல்லாருக்கும் எனக்குக் கேக்காதெண்டு சொன்னனீங்கள்?"

வீரம்மா சுளகை மறுபடி கையில் எடுத்தார்.

"அடுத்த போகத்துக்கும் யானை வருமில்லிங்களா? அப்பவும் நான் உங்க கதவைத்தானே தட்டணும்."