பச்சைக்குக் கீழே வெள்ளை

மாம்புரிக் கடற்கரை ஹோட்டலின் காவலாளி ஸுஹைப் கம்பத்து விளக்கை அணைத்தபோது மணி மூன்றரை.

மணலுக்குள்ளிருந்து வெளிவந்த ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த விளக்கை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கேதான் கடல் என்பது அவற்றின் நினைப்பு. சில ஏற்கெனவே ரோட்டில் ஏறி நசுங்கிவிட்டன. விளக்கு அணைந்ததும் மற்றவை தடுமாறி, மெதுவாகக் கடல் பக்கம் திரும்பின. முதலாளி அறிந்தால் வேலை போகும். போனால் போகட்டும் என்றிருந்தான்.

கைப்பேசி அடித்தது. தங்கையின் கணவன் றிப்தி, போட்டிலிருந்து.

"மச்சான், ஹோட்டல் லைட்டுக்கு என்னடா நடந்த?"

ஸுஹைப் இருட்டுக் கடலைப் பார்த்தான். இரவில் கரைக்கு வருகிறவர்கள், பள்ளிவாசல் மினாராவின் பச்சை விளக்கையும் ஹோட்டலின் வெள்ளை விளக்கையும் ஒரே கோட்டில் பிடித்துத்தான் பாறைகளுக்கிடையே நுழைவார்கள். பச்சைக்கு நேர் கீழே வெள்ளை நின்றால் வழி. விலகினால் பாறை. அவனும் எட்டு வருஷம் அப்படி வந்தவன்தான். காவல் வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதத்தில் மறந்திருந்தான்.

"நான்தான் அணைச்ச. ஆமைக் குஞ்சு..."

"டேய், பாறைல மோதி நான் மவுத்தானா ஒன்ட தங்கச்சிக்கு ஆமைக் குஞ்சையா காட்டுவா? பாறைல அலை அடிக்கிற சத்தம் கேக்குது. போடு!"

"ரெண்டு நிமிஷம் தா. தண்ணிக்குக் கிட்டப் போயிட்டுதுகள்."

"ரெண்டு நிமிஷம் இல்ல மச்சான். அலை தள்ளுது."

நுரைக்கும் குஞ்சுகளுக்கும் இடையே பத்தடிதான். ஸுஹைப் சுவிட்சைப் போட்டான்.

முன்னால் போனவை தண்ணீரைத் தொட்டுவிட்டன. மற்றவை நின்றன. பிறகு ஒவ்வொன்றாக, விளக்கடியில் நின்ற அவனை நோக்கித் திரும்பின. அவன் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றான். அது ஒரு தடவை அடங்கியது. பின் மறுபடி பிடித்தது.

போட் மணலில் ஏறியதும் சுவிட்சுக்கு ஓடினான். றிப்தி பின்னாலேயே வந்து ஈரக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அணைக்காத. இன்னும் மூணு போட் வரக் கெடக்கு."

"போன் எடுத்து வெளிய நிக்கச் சொல்லேன்."

"எடுத்துப் பாத்துட்டன். ஒருத்தனும் தூக்கல்ல."

ஸுஹைப் கையைத் தாழ்த்தினான். றிப்தி போட்டுக்குப் போய், பெட்டி மீனைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியோடு வந்தான். "பொறுக்கு. நாய் வர முந்தி."

அள்ளிய குஞ்சுகளை வெளிச்சம் எட்டாத இடத்துக்குச் சுமந்துபோய் விட்டார்கள். சில அங்கிருந்தும் திரும்பி வந்தன. திரும்பவும் அள்ளினார்கள்.

பள்ளிவாசலில் விடிகாலை சுபஹ் பாங்கு சொன்னபோது இரண்டு போட் வந்து சேர்ந்திருந்தன. மூன்றாவதுக்காக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸுஹைபின் சப்பாத்தின் மேல் ஒரு குஞ்சு ஏறிக்கொண்டிருந்தது, விளக்கைப் பார்த்து.