அசரியாவின் கண்ணும் அமெரிக்க இன்சூரன்சும்

கிருபாபாய் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மிஷன் காம்பவுண்டில் யாரும் தப்ப முடியாது. சித்தூரில் கல்யாண வீடோ சாவு வீடோ, அதே பேச்சுதான். அமெரிக்கா போன பிள்ளைகளெல்லாம் ஆலயத்தை மறந்துவிடுகிறார்களாம். அவள் மகன் இன்பசேகரன் மட்டும் அங்கேயும் முழங்காலில் நிற்கிறானாம்.

பேசட்டுமே, அவளுக்குக் காரணம் இருந்தது. எண்பத்தாறாம் வருஷம் அவளும் கணவர் அசரியா வாத்தியாரும் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாமென்று மகன் வீட்டுக்குப் போனார்கள். போன கொஞ்ச நாளிலேயே அசரியாவின் இடது கண்ணில் மின்னல் மின்னலாக அடித்தது. அப்புறம் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியது. "டாக்டருகிட்ட கூட்டினு போடா" என்று மகனைப் பிடுங்கி எடுத்தாள்.

"இந்த ஊர்ல டாக்டரைப் பாக்க மாசக்கணக்குல ஆவும்மா. நைனாவுக்காக ஜெபம் பண்ணலாம், கர்த்தர் பாத்துக்குவாரு" என்று அவன் அப்பாவின் கட்டிலருகே மண்டியிட்டான். அசரியாவும் தலையாட்டினார். கிருபாபாயும் பக்கத்தில் மண்டியிட்டாள். பிள்ளைக்கு இருக்கிற விசுவாசம் தனக்கு இல்லையே, இப்படிப் பதறுகிறோமே என்று வெட்கப்பட்டாள், பாவம்.

குளிர் ஆகாது என்று மகன் அவர்களைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பினான். வேலூரில் காட்டியபோது, "ஆரம்பத்துலயே காட்டியிருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். போன கண் போனதுதான். அப்போதும் அவள் மகனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

தூர தேசம் போய் வந்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லிக் காணிக்கை படைப்பது அந்தச் சபை வழக்கம். கிருபாபாயும் எழுந்தாள். "ஒரு கண்ணைக் கர்த்தர் எடுத்துக்கினாரு, ஆனா என் புள்ளையோட விசுவாசத்தை எனக்குக் காட்டினாரு" என்றாள். பாதிச் சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அடுத்த கிறிஸ்துமசுக்கு இன்பசேகரன் வந்தான். அவனைப் பார்க்கத் திருப்பதியிலிருந்து அவள் தம்பி மகன் கிருபானந்தமும் வந்தான். அவனுக்கும் அமெரிக்காவில் வேலை கிடைத்திருந்தது. பெற்றவர்களை ஒரு நடை அழைத்துப்போய்க் காட்ட ஆசை. கூடத்தில் அசரியா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கிருபாபாய் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது மகன் மைத்துனனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெரியவங்களுக்கு வைத்தியத்துக்குன்னு முன்னாடியே மொத்தமா இன்சூரன்ஸ் போட்டுடு மச்சான். அதுல ஒரு தபா டாக்டருகிட்ட போனாலும் கட்டின பணம் போச்சு. போவாம சீக்கிரம் அனுப்பிட்டா, மிச்ச மாசத்துப் பணம் திரும்பி வந்துரும். நைனாவுக்கும் அம்மாவுக்கும் போட்டது எனக்கு வந்துச்சே!"

கையிலிருந்த டீ தட்டை அவள் அப்படியே கீழே வைத்தாள்.

"அப்போ நைனாவுக்கு வைத்தியம் பாக்க நீ முன்னாடியே பணம் கட்டியிருந்தியாடா?"

இன்பசேகரனுக்கு முகம் செத்துப்போனது. "அம்மா, கண்ணே போயிடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மாசக்கணக்குல ஆவும்னியே. பொய்யா?"

"என்னை மட்டும் கேக்காதம்மா. நைனாகிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் செஞ்சேன். அவருதான் பணம் வர்றதைக் கெடுக்க வேணாம்னாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட மாட்டாரா என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"அவன் வீடு வாங்கற நேரம், கிருபா. உங்கிட்ட சொன்னா நீ ஒத்துக்குவியா? ஜெபம்னா நீ அடங்கிடுவேன்னு..."

அடப்பாவிகளா! அப்பனும் மகனும் சேர்ந்து அவள் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள். அதைத்தான் சபைக்கு நடுவே நின்று அவள் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். குரல் அடங்கித்தான் வந்தது.

"அப்போ அந்த ரூம்ல மண்டி போட்டவங்கள்ல, ஜெபம் பண்ணது நான் ஒருத்திதானா?"