ஹெலிகாப்டரில் என் இடம்

என் நாத்தனார் கேசியா கடலுக்குள்ளே அருவி கொட்டுவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நியாயப்படி அது நான் பார்க்க வேண்டிய அருவி.

மொரீஷியஸ் தீவில் ஓட்டல் வேலையில் இருக்கும் என் மகன் அனில், தன் நைனாவுக்கும் எனக்கும் விமான டிக்கெட் போட்டிருந்தான். பத்து நாள் தங்கல். அதில் ஒரு நாள் ஹெலிகாப்டர். தீவை மேலிருந்து ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்களாம். தீவின் ஒரு மூலையில் கடலுக்கு அடியிலேயே அருவி விழுவதுபோல் இருக்குமாம். கரையில் நின்றால் தெரியாதாம், ஆகாயத்திலிருந்து பார்த்தால்தான் தெரியுமாம். "உனக்கோசரந்தாம்மா புக் பண்ணேன்" என்றான் போனில். அந்த 'உனக்கோசர'த்தைச் சித்தூரில் ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அதுதான் கண்பட்டுவிட்டது.

புறப்படப் பத்து நாள் இருக்கையில் புதுப் பெட்டி வாங்கத் திருப்பதிக்குப் போனேன். நாலு சக்கரம் வைத்த நீலப் பெட்டி. கடைப் படியில் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது பெட்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. என் வலது மணிக்கட்டு முறிந்துபோனது.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் நேராகப் புத்தூர்தான். பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார் வைத்தியர். "நாப்பத்தஞ்சு நாளு. ஒரு குலுக்கல் ஆவக்கூடாதும்மா. ஊர் சுத்தறதெல்லாம் அப்பறம்" என்றார். கட்டிய கையோடு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "நீங்களாவது போயிட்டு வாங்க" என்றேன்.

பெண்டாட்டி அப்படிச் சொன்னால் புருஷன் என்ன சொல்ல வேண்டும்? 'நீ இல்லாம நான் மட்டும் இன்னாத்துக்கு' என்று சொல்ல வேண்டும். நான் இரண்டு தடவை வற்புறுத்த வேண்டும், அவர் இரண்டு தடவை மறுக்க வேண்டும். ஜீவரத்தினம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சபையில் மூப்பர். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிற மனுஷன். "அப்படியா சொல்ற தபீதா? சரி" என்றார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். திருப்பதியில் டீச்சராக இருக்கும் அவர் தங்கை கேசியா, நலம் விசாரிக்க வந்தவள், "அண்ணனுக்கு சுகர் இருக்குது அண்ணி. தனியா எப்படி அனுப்பறது?" என்று ஆரம்பித்தாள். எருசலேம் யாத்திரை போவதற்கென்று என்றைக்கோ எடுத்து வைத்த பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது. கல்யாணம் ஆகாதவள், லீவு கேட்டால் கிடைக்கும். அனில் என் டிக்கெட்டை ரத்து செய்து அவளுக்கு ஒன்று போட்டான். என் நீலப் பெட்டியும் போயிற்று. கடலோரத்துக்கென்று நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த பெரிய தொப்பியும் அவள் தலையில் ஏறிப் போயிற்று.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கையே எட்டவில்லை.

ஹெலிகாப்டர் முன்னால் என் தொப்பியோடு அவள் நிற்கும் போட்டோ வந்த அன்று நான் சாப்பிடவில்லை. கேட்டவர்களிடம் கை வலி என்றேன். வலித்தது கை இல்லை.

திரும்பி வந்த பிறகுதான் நிஜமான கூத்து. எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சையில் பாஸானாலும், காய்ச்சல் விட்டாலும், புது வண்டி வாங்கினாலும், பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கேசியா முதலில் திருப்பதியில் சாட்சி சொன்னாள். அப்புறம் ரேணிகுண்டாவில் கூப்பிட்டார்கள். கர்த்தர் தன்னை ஆகாயத்தில் தூக்கி, கடலுக்குள்ளே ஒரு அருவியைக் காட்டினாராம். கேட்டவர்கள் எனக்குப் போன் போட்டு, "உங்க நாத்தனாருக்கு இன்னா பாக்கியம்!" என்றார்கள். நான் "ஸ்தோத்திரம்" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு பல்லைக் கடித்துக்கொண்டு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அவள் பார்த்ததை நானும் பார்த்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அனிலிடம் வீடியோ கேட்டேன். "அது நல்லா வரலம்மா" என்றான். அடுத்த நாள் கேட்டேன். "ரொம்பப் பெரிய ஃபைலும்மா" என்றான். என் மகன் பொய் சொன்னால் எனக்கு இந்து மகாசமுத்திரம் தாண்டியும் தெரியும். ஒரு வாரம் விடாமல் பிடுங்கியதில் அனுப்பி வைத்தான்.

ஹெலிகாப்டர்காரர்களே எடுத்துக் கொடுத்த வீடியோ அது. திரையின் மேல்பாதியில் வெளியே தெரிவது, கீழ்பாதியில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முகம். மத்தியான நேரம், பக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தத்தை நிறுத்திவிட்டு, இடது கையால் போனைப் பிடித்துப் பார்த்தேன்.

மேலே பச்சை மலை, கரும்புக் காடு, வெள்ளை மணல், மயில்கழுத்து நிறத்தில் கடல். கீழே, காதில் பெரிய பெரிய மைக் வைத்த ஹெட்போன் மாட்டிக்கொண்டு அண்ணனும் தங்கையும். இரண்டு பேரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் சக்கரம் உருண்டால் ஜெபம் பண்ணித்தான் உருளும். ஸ்கூட்டர் என்றாலும் பஸ் என்றாலும், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று அவர் தொடங்கிவிடுவார். தொடங்குவது சுலபம், முடிப்பதுதான் கஷ்டம். கல்யாண வீட்டில் அவரை ஆகாரத்துக்கு ஜெபிக்கச் சொன்னால் பிரியாணியை அடுப்பிலிருந்து இறக்கவே மாட்டார்கள். ஆனால் அவர் ஆமென் சொல்லும்வரை எங்கள் ஜனத்தில் ஒருவரும் கண் திறக்க மாட்டார்கள். கேசியாவுக்குச் சின்ன வயசில் பாதியில் கண் திறந்ததற்காக அண்ணன் கையால் குட்டு விழுந்திருக்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் மூப்பருக்காகக் காத்திருப்பானா? அவன் பாட்டுக்குக் கிளப்பிவிட்டான்.

அனிலைக் கூப்பிட்டேன். "டேய், உங்க அத்தை கண்ணத் தொறந்தாளா இல்லியா?"

"நைனா ஆமென் சொல்றப்போ வண்டி தரையில எறங்கிடிச்சும்மா" என்றான் பரிதாபமாக.

அவள் ஒன்றுமே பார்க்கவில்லை! அருவி என்று சொன்னதெல்லாம் ஹெலிகாப்டர்காரர்கள் கொடுத்த காகிதத்தில் படித்துவிட்டுச் சொன்னது! எத்தனையோ நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் நாலு பேர் நடுவில் அவர் என் கையைப் பிடித்ததில்லை. அந்த இடத்தில் வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

புதன்கிழமை மாதர் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். கேசியா சாட்சி சொல்ல வருவதாக ஏற்பாடு. என் நீலப் பெட்டியையும் உருட்டிக்கொண்டு வந்தாள், திருப்பிக் கொடுக்க. சக்கரத்தில் இன்னும் மணல் இருந்தது.

சபைப் போதகரின் மனைவி ஆயர் அம்மாவோடு சேர்த்துப் பதினாலு பெண்கள். பாட்டு முடிந்து கேசியா எழுந்தாள். கடல், மலை, அருவி எல்லாம் வந்தது. "அருவி இன்னா நெறம்மா?" என்று ஆயர் அம்மா ஆசையாகக் கேட்டார். கேசியா ஒரு கணம் தடுமாறி, "வெள்ளை... வெள்ளையாத்தான்" என்றாள்.

"வாயால சொன்னா எப்படித் தெரியும்? வீடியோவே இருக்குதே" என்றேன் நான்.

கேசியாவின் முகம் வெளுத்தது. நான் அதைப் பார்க்கத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். "எனக்குக் கை ஆவாது. ஸ்வீட்டி, நீ போனை டிவில போடும்மா. நல்லா சத்தம் வெச்சுப் போடு" என்றேன். ஸ்வீட்டி சங்கத்தில் சின்னவள், இதிலெல்லாம் கெட்டிக்காரி. டிவியில் ஹெலிகாப்டர் தெரிந்தது. கேசியா மெதுவாக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

படபடவென்ற சத்தத்துக்கு மேலே, என் வீட்டுக்காரரின் குரல் கணீரென்று வந்தது: "கண்களை மூடி ஜெபிப்போம்."

பதினாலு தலையும் குனிந்தன. பதினாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஸ்வீட்டி கையில் போனோடு, நின்றபடியே மூடிக்கொண்டாள். ஆயர் அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். டிவியில் ஒரு தீவே மேலெழுந்து வருகிறது, பார்க்க ஒரு ஜீவன் இல்லை.

கண் திறந்திருந்தது இரண்டே பேர். நானும் கேசியாவும்.

எழுந்து கத்தலாமா என்று வந்தது எனக்கு. ஜெபத்தின் நடுவில் எப்படிக் கத்துவது? அவர் குரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பிரயாணத்துக்காக ஸ்தோத்திரம், மகனுக்காக ஸ்தோத்திரம். காது காய்த்துப் போகும் அளவுக்குக் கேட்ட ஜெபம்தான். அப்புறம் சொன்னார்: "என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மனைவி தபீதாளை நினைத்தருளும் ஆண்டவரே. உயரம் என்றால் பயப்படுகிறவள். அவள் கையை நான் பிடித்திருக்கிறேன், நீர் எங்கள் இருவரையும் பிடித்துக்கொள்ளும்."

எந்த வண்டியில் ஏறினாலும் இந்த இருபத்தொன்பது வருஷமாக அவர் பக்கத்தில் உட்காருகிறவள் நான்தான். கண்ணை மூடினதும் மனுஷனுக்கு அதுவே வந்துவிட்டது. டிவியில் அவர் பிடித்திருந்தது கேசியாவின் கையை.

கேசியா என் காதருகே குனிந்தாள். "மூணு தபா அப்படித்தான் சொன்னாரு அண்ணி. நான் கையை இழுத்துக்கல. இழுத்தா, பக்கத்துல இருக்கறது நான்னு ஞாபகம் வந்துடுமேன்னு..." என்றாள். "அங்கயும் அது உங்க எடந்தான். எனக்கு அவ்ளோ பொறாமையா இருந்திச்சு உங்க மேல."

என் மேல்! முட்டை நாற்றம் அடிக்கும் கட்டோடு வீட்டில் கிடந்த என் மேல்!

நாற்பத்தெட்டு வயசு அவளுக்கு. திருப்பதியில் அலிபிரிப் பக்கம் தனி வீடு. கண்ணை மூடினால் தன்னையறியாமல் அவள் பெயரைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தொப்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

திரையில் நீலம் சரிந்து, மணலும் பச்சையும் சேர்ந்து பாதாளத்தில் இறங்குவதுபோல் ஒன்று வந்தது. "அதோ அருவி. சீக்கிரம் பாரு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு பேருமாகப் பார்த்தோம். அவர் ஊர் உலகத்துக்கெல்லாம் ஜெபித்து ஆமென் சொன்னபோது ஹெலிகாப்டர் தரையில் இருந்தது. "ஆமென்" என்றது கூட்டம். உள் அறை வாசலிலிருந்தும் ஒரு ஆமென் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவரேதான். தன் ஜெபத்துக்குத் தானே கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"மூப்பர் ஜெபம்னா ஜெபந்தான்" என்றார் ஆயர் அம்மா. "ஆமா, அருவி எங்கம்மா?"

"போயிடிச்சே" என்றேன்.

"மறுபடியும் போடட்டா ஆன்ட்டி?" என்றாள் ஸ்வீட்டி.

"வேணாம், டீ ஆறிப்போவுது. கேசியாதான் பாத்தாளே, அவளே சொல்லட்டும்."

கேசியா என்னை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து நின்று, "வெள்ளை இல்ல. ஓரத்துல பச்சை, நடுவுல கருநீலம்" என்றாள். அது நிஜம்.

சாயங்காலம் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப ஆட்டோ வந்தது. பெட்டியைக் கையோடு எடுத்துப் போகச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது என் பெட்டி. அவர் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். முதலில் நான், என் கை, பிறகு அனில். மழைக்காக ஜெபித்துவிட்டு முடிக்கப் போகிற குரலுக்கு வந்துவிட்டார். நான் கண்ணைத் திறந்தேன். ஆட்டோவுக்குள் கேசியா கண்ணை மூடி, கையைக் கூப்பிக்கொண்டு, காதை மட்டும் தீட்டி வைத்திருந்தாள்.

கட்டுப் போட்ட கையின் முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தேன். "கேசியா பேரை வுட்டுட்டீங்க."

"ஆங்... எங்கள் கேசியாவை..." என்று ஆரம்பித்தார். அம்மா இல்லாமல் வளர்ந்த குழந்தை என்றார். காய்ச்சலில் கிடந்த அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய நாளைச் சொன்னார். கேசியா குலுங்கிக் குலுங்கி அழுதாள். "பஸ் போதுந்தி சார்" என்று, பஸ் போய்விடும் என்பதை ஆட்டோக்காரர் தெலுங்கில் முனகினார், என் வீட்டுக்காரர் காதில் விழவில்லை.

கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் வீட்டுக்குள்ளே சுவர்க் கடிகாரம் எனக்குத் தெரிந்தது. அவள் பெயருக்கு முழுசாக நாலு நிமிஷம். என் பெயருக்கு அவர் என்றைக்கும் ஒரு நிமிஷத்தைத் தாண்டியதில்லை.