பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம்

வியாழக்கிழமை என் இடது சிறுநீரகத்தை எடுத்து என் வீட்டுக்காரருக்கு வைப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை வந்த அவருடைய ரத்தப் பரிசோதனை அதில் மண்ணைப் போட்டது. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் வெறும் முப்பத்தெட்டாயிரம். குறைந்தது ஒரு லட்சமாவது வேண்டுமாம்.

“ஒன்பது வருஷமா டயாலிசிஸ் பண்றாரும்மா. ரத்தம் மிஷின்ல சுத்திச் சுத்தி வர்றதுல பிளேட்லெட் அடிபடும். உறையாம இருக்கப் போடற மருந்தாலயும் குறையும். இப்போ கத்தி வைக்க முடியாது, தள்ளிப் போட்டுடலாம்” என்றார் டாக்டர், பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் அடுத்த பஸ்ஸில் போகச் சொல்வதுபோல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டயாலிசிஸ் ஊசி எடுத்ததும் அவர் கையை அமுக்கிப் பிடிக்கறது யாரு டாக்டர்? நான்தான். வாரத்துக்கு மூணு தடவை. எப்பவும் இருபது நிமிஷத்துல ரத்தம் நின்னுடும். சனிக்கிழமையும் அதே இருபதுதான். இவ்வளவு குறைஞ்சிருந்தா அது நிக்குமா?”

“ஏய், சும்மா இரு” என்று வீட்டுக்காரர் என் முந்தானையை இழுத்தார். நான் எங்கே சும்மா இருந்தேன்?

டாக்டர் மோவாயைத் தடவினார். எங்களையும் கூட்டிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு நடந்தார். அங்கிருந்த பெண் கையைப் பிசைந்தாள். எண் இவ்வளவு குறைந்தால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். காலை நெரிசலில் மிஷின் துப்பிய எண்ணை அப்படியே அனுப்பிவிட்டாள். இப்போது நுண்ணோக்கியில் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கு சார்! ரத்தம் பிடிக்கற குழாய்ல இருக்கற மருந்து சிலருக்கு இப்படிப் பண்ணும். மிஷினுக்குக் கொத்தை எண்ணத் தெரியலை.”

வேறு மருந்து உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தாள். ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம்!

“எண்ணிக்கை சரியா இருக்கு. உடம்புல கழிவு தங்கித் தங்கி, பிளேட்லெட் வேலை செய்யறது மட்டும் கொஞ்சம் மந்தம். முந்தின நாள் டயாலிசிஸ் பண்ணிட்டா சுதாரிச்சுக்கும். வியாழக்கிழமையே வெச்சுக்கலாம்” என்றார் டாக்டர்.

அப்பாடா என்றிருந்தது. வராந்தா பெஞ்சில் வீட்டுக்காரர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். மனதில் கிடந்ததைக் கொட்டாமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தள்ளிப் போடலாம்னு சொன்னப்போ, ஒரு நொடி எனக்கு நிம்மதியா இருந்துச்சு.”

“தெரியும். கத்தறதுக்கு முன்னாடி பெருமூச்சு விட்டியே.”

வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பயமா இருந்தா இப்பவே சொல்லிடும்மா. எனக்கென்ன, மிஷின் பழகிப் போச்சு.”

“பயம்தான். அதுக்காக? வியாழக்கிழமை ஒழுங்கா வந்து படுங்க, அவ்வளவுதான்.”

பழகிப் போச்சு என்று சொன்ன மனிதர்தான் என் தோளில் முகத்தை வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, விசும்பி விசும்பி அழுதார்.