எலி கடித்த குழாய்

கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் கன்னையாவின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு வண்டி அவ்வளவு சுலபமாக வெளியே போய்விட முடியாது. வேலை முடிந்ததும் பானெட்டைத் திறப்பார். எஞ்சின் மேல் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம், பக்கத்தில் ஒரு ஊதுபத்தி. பத்தியைச் செருக அவருக்கென்று ஓர் இடமும் உண்டு. இடது பக்கம், குழாய்களுக்கு நடுவே ஒரு சந்து. அது எரிந்து முடிகிற வரைக்கும் சீன வாடிக்கையாளர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மலாய்க்காரர்களுக்கு மட்டும் பத்திக்குப் பதிலாக ஒரு கிளாஸ் தே தாரிக் டீ உண்டு. இந்த மரியாதையால்தான் தன் கைபட்ட எந்த வண்டியும் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்று கன்னையா எல்லோரிடமும் சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நாகம்மை ஆச்சி தன் வெள்ளை டர்போ காரைக் கொண்டுவந்து விட்டாள். ஆச்சி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி, பெரிய செட்டியார் குடும்பம். அவள் வீட்டைச் சுற்றி ஒர்க்‌ஷாப்புக்கா பஞ்சம்? ஆயில் மாற்ற ஒருத்தி மெனக்கெட்டு மேருவுக்கு ஏன் வரவேண்டும்? விஷயம் வேறு. ஆச்சியின் மகன் அருணும் கன்னையாவின் ஒரே மகள் விஷ்ணுப்ரியாவும் கோலாலம்பூரில் ஒரே ஆபீசில் வேலை. இரண்டுக்கும் ஒன்றையொன்று பிடித்துப்போய், பையன் வீட்டில் சொல்லியும் விட்டான். ஆச்சி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணோட அப்பா ஒர்க்‌ஷாப்தானே வச்சிருக்காரு, காரை அங்க காட்டுவோம்" என்று மட்டும் சொன்னாளாம். காரைக் காட்டவா வந்தாள்? ஆளைப் பார்க்க வந்தாள். இது கன்னையாவுக்கும் தெரியும்.

ஆகவே மனிதர் அன்றைக்கு வேலையாட்களை ஒதுக்கிவிட்டுத் தானே இறங்கினார். ஆயிலும் பில்டரும் பிளக்கும் அவர் கையாலேயே மாற்றப்பட்டன. ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பூஜை வந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு பத்தி. சம்பந்தி ஆகப்போகிறவளுக்கும் ஒன்றேதானா? கன்னையா ஒரு கட்டுப் பத்தியையே பிரித்து, கை கொள்ளுமட்டும் எடுத்துக் கொளுத்தி, வழக்கமான சந்தில் செருகினார். ஒர்க்‌ஷாப்பே மணத்தது. ஆச்சியும் கையெடுத்துக் கும்பிட்டாள். நல்லபடியாக முடிந்தது என்று கன்னையா நினைத்தார்.

சில நாள் கழித்துக் கார் திரும்பி வந்தது.

"ஓடுனா நல்லாத்தான் ஓடுது அண்ணே. பெடரல் ஹைவேல பறக்குது" என்றாள் ஆச்சி. "சிகப்பு லைட்ல நின்னாத்தான் நடுங்குது. டாஷ்போர்டுல மஞ்சள் விளக்கு வேற எரியுது."

கன்னையா பானெட்டைத் திறந்தார். திரும்பி வராத வண்டிகளின் வரலாற்றில் திரும்பி வந்த முதல் வண்டி, அதுவும் எந்த வண்டி! வேறு யாராவது கை வைத்தார்களா என்று கேட்டுப் பார்த்தார். ஆச்சி இல்லை என்று சொல்லிவிட்டு ஏனோ சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்தாள்.

ஸ்கேனரைச் செருகினார். கலவை லீன் என்றது. அதாவது, எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. உடனே கன்னையா ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றவாளிகளைப் பிடித்தார். பெட்ரோல் சரியில்லை என்றார். முன்பு காஜாங்கில் இந்தக் காரைப் பார்த்த மெக்கானிக்குக்குக் கையே சரியில்லை என்றார். பிறகு, இந்த எஞ்சினை வரைந்தவனுக்கே மூளை சரியில்லை என்றார். எல்லோரையும் திட்டி முடித்த பிறகுதான் ஸ்கேனரை ஒழுங்காகப் பார்த்தார்.

சும்மா நிற்கும்போது காரின் கணினி கூடுதலாகப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் அந்தக் கூடுதல் அப்படியே அடங்கிப்போனது. இதைப் பார்த்த பின் சந்தேகமே இல்லை. எங்கோ ஓர் ஓட்டை, அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. அப்படியென்றால் ஓடும்போது ஏன் தெரியவில்லை என்று ஆச்சி கேட்டாள். நல்ல கேள்விதான்.

"வீட்டுல நாலு பேருக்குச் சமைச்சு வச்சிருக்கறப்ப ஒரு விருந்தாளி வந்தா கொழம்பு பத்தாது, ஆச்சி. கல்யாணத்துல பத்து பேர் கூட வந்தாலும் யாருக்குத் தெரியும் லா?" என்றார் கன்னையா. கல்யாணம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டதே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆச்சி சிரிக்கவில்லை.

ஆயில் மூடியை அழுத்திப் பார்த்தார். ரப்பர் வளையங்களைத் தடவிப் பார்த்தார். எஞ்சினுக்குள் காதை விடாத குறையாக ஒட்டுக் கேட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஓட்டை கண்டுபிடிக்கவென்றே புகை அடிக்கும் மெஷின் ஒன்று வைத்திருந்தார். அதைக் கிள்ளானில் இருக்கும் நண்பர் ஒருவர் இரவல் வாங்கிப்போய்ப் பல மாதம் ஆகிறது. புகைக்கு எங்கே போவது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தால், சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அடடா, இது தோன்றாமல் போயிற்றே!

பெரிய மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வியர்வை சொட்டச் சொட்ட, பத்தியை ஒவ்வொரு குழாயின் ஓரமாகவும் மெதுவாக நகர்த்தினார். வலது பக்கம் பேட்டரியைச் சுற்றிப் புகை நேராக மேலே போனது. நடுவிலும் நேராகத்தான் போனது. இடது பக்கம் வந்ததும் சட்டென்று வளைந்து கீழே இறங்கி, ஒரு மெல்லிய ரப்பர் குழாய்க்குள் காணாமல் போனது. எஞ்சின் காற்றை இழுக்கிற இன்டேக்கிலிருந்து டர்போவின் வால்வுக்குப் போகிற குழாய் அது. கன்னையாவின் முகம் மலர்ந்தது. குனிந்து பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே வாடியது.

வட்டமான ஓட்டை. விளிம்பெல்லாம் கருகியிருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு மூங்கில் குச்சி, அடியில் பத்திச் சாம்பல். அது எந்தச் சந்து என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? இத்தனை காலம் ஒற்றைப் பத்தியைத் தாங்கிய இடம், ஒரு கட்டுப் பத்தியைத் தாங்கவில்லை.

குச்சித் துண்டை ஆச்சி பார்ப்பதற்குள் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணே, கெடைச்சிருச்சா?" முதுகுக்குப் பின்னாலிருந்து ஆச்சியின் குரல்.

"எலி ஆச்சி" என்றார் கன்னையா. பொய் என்று வந்துவிட்டால் மனிதர் ஒன்றோடு நிறுத்துவாரா? "பிரிக்பீல்ட்ஸ் எலி ரொம்ப மோசம் லா. ரப்பர் வாசனை கண்டா விடாது."

குழாயை அறுத்தெடுத்துப் புதியது மாட்டினார். நடுக்கம் நின்றது, மஞ்சள் விளக்கையும் அணைத்தாயிற்று. ஆச்சி பழைய குழாயைக் கையில் வாங்கினாள். ஓட்டையை விரலால் தடவினாள். விரலில் கரி ஒட்டிக்கொண்டது. விரலைப் பார்த்தாள், கன்னையாவின் கையில் புகைந்துகொண்டிருந்த பத்தியைப் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள்.

"சரி, எலின்னா எலி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கன்னையாவுக்குச் சோறு இறங்கவில்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம், மகளின் கல்யாணத்துக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டோம் என்று குமைந்தார். மனைவி பவுனம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உண்மையச் சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு சாரியோட போயிருக்கும்" என்றாள். விஷ்ணுப்ரியா அப்பாவைத் திட்டினால்கூடத் தேவலை. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்னையாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. ஆச்சி இறங்கினாள், கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. பின்னால் அவள் கணவர் ராமசுப்பிரமணியன், அவருக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரிய அருண். பவுனம்மாள் பாயைத் தேடி ஓடினாள். கன்னையா கும்பிடக்கூட மறந்து நின்றார்.

உட்கார்ந்ததும் ஆச்சி நேராக விஷயத்துக்கு வந்தாள். சர்வீஸ் முடிந்த வார வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் பானெட்டைத் திறந்து அவளும் ஒரு பத்தி ஏற்றி வைத்திருக்கிறாள். எஞ்சினில் நெருப்பு வைக்காதே என்று ராமசுப்பிரமணியன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

"அந்த ஓட்டையப் பாத்ததுமே நான்தான்னு தெரிஞ்சுபோச்சு அண்ணே. உங்களுக்கும் தெரிஞ்சிருச்சு. கையில பத்திய வச்சுக்கிட்டே எலின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் முடிவு பண்ணிட்டேன். பொம்பளையோட தப்ப நாலு பேர் முன்னால காட்டிக்குடுக்காத வீடு. இந்த வீட்டுப் பொண்ணுதான் என் மகனுக்கு."

கன்னையாவுக்கு மூச்சு வந்தது. ஒருவேளை ஆச்சியேதானோ? ஆசை யாரை விட்டது?

"எந்தப் பக்கம் வச்சீங்க ஆச்சி?"

"பேட்டரி பக்கத்துல."

பேட்டரி வலது பக்கம். குழாய் இடது பக்கம். போயிற்று.

பேசாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் ராமசுப்பிரமணியன் தொண்டையைக் கனைத்து, நான் அப்பவே சொன்னேன் என்று மனைவியைப் பார்த்தார். ஆச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அது பழகிப்போன குனிவு. தான் செய்த தப்புக்கு இன்னொருத்தி தலை குனிகிறாளே என்று கன்னையாவுக்கு நெஞ்சைச் சுட்டது.

"ஆச்சி, அது நீங்க இல்ல, நான்தான். அன்னிக்கு ஒரு கட்டுப் பத்தியவே வச்சேன், அது குழாயச் சுட்டுருச்சு. மாட்டிக்குவோம்னு பயந்து எலின்னு பொய் சொன்னேன்."

ஆச்சியின் கண் கலங்கியது.

"பாத்தீங்களா?" என்றாள் கணவரிடம். "இப்பவும் பழிய அவர் தலையில போட்டுக்கிறாரு. எம்புட்டு வருஷமா பத்தி வைக்கிற மனுசருக்கு எங்க வைக்கணும்னு தெரியாதா?"

கன்னையா விடவில்லை. பேட்டரி வலது பக்கம் என்றார். குழாய் இடது பக்கம் என்றார். குச்சி கிடைத்தது என்றார். அதைக் காட்டலாம் என்று உள்ளே ஓடினால், பவுனம்மாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள், பையில் குச்சி இல்லை. அவர் சத்தியம் செய்யச் செய்ய ஆச்சியின் கண்ணீர் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ராமசுப்பிரமணியனே எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் அண்ணே" என்றார். "எனக்கும் புரிஞ்சிருச்சு. இனிமே நானும் அவளை ஒண்ணும் சொல்லல."

பின்னாலிருந்து பவுனம்மாள் கணவரின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கன்னையா வாயை மூடிக்கொண்டார். காப்பித் தட்டோடு வந்த விஷ்ணுப்ரியா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கே திரும்பிவிட்டாள்.

தேதி குறித்தாயிற்று. புறப்படும்போது ஆச்சி வாசலில் நின்று, இனிமேல் எந்த எஞ்சின் பக்கமும் பத்தியோடு போவதில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கல்யாணக் காருக்கு மட்டும் நீங்களே உங்க கையால வச்சிருங்க அண்ணே" என்றாள். "ஒண்ணு போதாது. அன்னிக்கு வச்ச மாதிரி ஒரு கட்டு."