வான்கோழித் தீர்ப்பு

ஓய்வுபெற்ற நீதிபதி வெர்னன் ஏக்டால் எழுதிக் குவித்த தீர்ப்புகளில் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு வரியைத்தான். உலகம் என்றால் மின்னசோட்டா வக்கீல்கள்.

ஸ்டெக்னர் என்பவரின் வான்கோழிகள் லிண்ட் என்பவரின் சோளக்கொல்லையில் வருடக்கணக்காக மேய்ந்துவந்தன. ஒருநாள் லிண்டுக்கு ரோஷம் வந்து வழக்குப் போட்டார். அது மேல்முறையீட்டுக்கு வந்தபோது ஏக்டால் எழுதினார்: ‘பல்லாண்டு கண்டும் காணாமல் இருந்தவர், திடீரென விழித்துக்கொண்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது.’

அந்த வரிக்குக் கால் முளைத்தது. முதலில் வேலித் தகராறுகளுக்குப் போனது. பிறகு, தன் கடைப்பெயரை இன்னொருவன் திருடிவிட்டான் என்று வந்த ரொட்டிக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பியது. மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிக் கணவன் சூதாட்டத்தில் விட்ட குடும்பப் பணத்தைத் திருப்பிக் கேட்ட மனைவிக்கும் வான்கோழிதான் பதில் சொன்னது. ரோட்டரி சங்கத்தின் பான்கேக் விருந்தில் ஏக்டால் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எல்லார் தட்டும் ஆறிப்போயிருக்கும்.

இப்போது வழக்கு அவருடையது. அவருடைய ஏரிக்கரை வீட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே, பத்திரப்படி அவருக்கே சொந்தமான ஒரு துண்டு நிலம். அதில் பக்கத்துவீட்டுப் பல்மருத்துவர் கர்ட் ஹால்வர்சன் எப்போதோ படகுத்துறை கட்டிவிட்டார். ஏக்டாலும் தினமும் அதைப் பார்த்துக் கையசைத்துவந்தார். இந்தக் கோடையில் கர்ட் வேலியே போட்டு, நிலம் தனக்குத்தான் என்றார். ஏக்டால் வழக்குப் போட, கர்ட்டின் வக்கீல் ஆதாரமாக நீட்டியது வான்கோழித் தீர்ப்பை.

ஏக்டாலின் வக்கீல் டெனிஸ் ப்ரூயிட், முன்பு அவரிடமே உதவியாளராக இருந்தவள்.

“ஜட்ஜய்யா, தப்பிக்க வழி இருக்கு. லிண்ட் கெடு தாண்டித்தானே அப்பீல் போட்டார்? வழக்கு அதுலயே முடிஞ்சுபோச்சு. அந்த வரி போற போக்குல எழுதினது, எந்தக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிடுவோம்.”

“போற போக்குலயா? எத்தனை தீர்ப்புல எடுத்துக் காட்டியிருக்காங்க தெரியுமா?”

“தப்பா காட்டியிருக்காங்க. அந்த வரியை நான் அப்பவே வரைவுல அடிச்சுட்டுக் குடுத்தேன். நீங்கதான் திரும்ப எழுதினீங்க.”

ஏக்டாலின் மனைவி லோர்னா, அடுப்பிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். “உன் வரிக்குள்ள குதிச்சு நீந்த முடியுமா வெர்னன்? எனக்கு ஏரி வேணும். டெனிஸ் சொல்றபடி கேளு.”

ஏக்டால் தலையாட்டினார். சாப்பிடவில்லை.

விசாரணையன்று நீதிபதி பாட்ரிஷியா வோல்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அந்த வரி தீர்ப்போட பகுதியா, இல்ல உபரியா?”

“உபரிதான், யுவர் ஆனர்,” என்றாள் டெனிஸ். “வழக்குக்குத் தேவையே இல்லாதது. வெறும் அலங்காரம்.”

அலங்காரம் என்று சொல்வதாகப் பேச்சில்லை. ஏக்டாலின் காது சிவந்தது. அடுத்த கணம் எழுந்து நின்றிருந்தார். டெனிஸ் அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“மன்னிக்கணும் யுவர் ஆனர். அது அலங்காரம் இல்ல. அதுதான் தீர்ப்பே. எழுதினவன் சொல்றேன்.”

கர்ட்டின் வக்கீல் பேசுவதற்காக எழுந்தவர், மறுபடி சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்.

“எழுதினவர் இப்ப வந்து சொல்றது எனக்குச் சட்டம் இல்ல மிஸ்டர் ஏக்டால்,” என்றார் வோல்க். “ஆனா கட்சிக்காரர் ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்.”

உத்தரவு தபாலில் வந்தது. நிலம் கர்ட்டுக்கு என்ற பக்கத்தை ஏக்டால் வேகமாகப் புரட்டித் தள்ளினார். தேடியது கிடைத்தது. வரி முழுதாக இருந்தது. அதன் கீழே, ‘லிண்ட் எதிர் ஸ்டெக்னர்’. சோளம் போட்டவர் பெயர் இருந்தது, வான்கோழி வளர்த்தவர் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர், வழக்கம்போல, இல்லை.

“என்ன சொல்லியிருக்காங்க?” லோர்னா நீச்சலுடையில், தோளில் துண்டோடு நின்றாள்.

“ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க.”

“ரொம்ப சந்தோஷம். நான் போய் கர்ட்கிட்ட வேலிக் கதவைத் திறந்துவிடச் சொல்றேன்.”

படகுத்துறையில் நின்ற கர்ட் கையசைத்தார். பழக்கதோஷத்தில் ஏக்டாலும் கையசைத்தார்.